பூசணிக்காய் உடைத்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார். நான் சொல்லப்போகிற சம்பவத்தை நானே பல வருஷங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை. நடந்தது. ஆயுத பூஜை நடந்தது, சண்டை நடந்தது, பூசணிக்காய் போனது, என் வெள்ளைச் சட்டையும் போனது. சந்தேகம் எல்லாம் என் மேல்தான். அங்கே நான் என்ன செய்தேன் என்பதில்தான்.

நீங்களும் இந்த வேலைக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? பிளான்ட் எச்.ஆர். ஹெட்? ஃபைலை மடியில் வைத்துப் பிடித்திருக்கிற பிடியிலேயே தெரிகிறது. பரவாயில்லை. போட்டியெல்லாம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாம் இரண்டு பேரும் ஒரே சோபாவில் புதைந்துகொண்டிருக்கிற இரண்டு பேர். எம்.டி. சாப்பிடப் போயிருக்கிறாராம். அந்தப் பெண் ஹர்ஷினி வந்து கூப்பிடுகிறவரை பேசிக்கொண்டிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது.

இருபது வருஷத்துக்கு மேல் நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், சார். கேள்வி கேட்கிற பக்கம். "உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரோடு வேலை செய்த சந்தர்ப்பம் ஒன்று சொல்லுங்கள்." "நீங்கள் தோற்றுப்போன சந்தர்ப்பம் ஒன்று சொல்லுங்கள்." "நெருக்கடியில் முடிவெடுத்த சந்தர்ப்பம் ஒன்று சொல்லுங்கள்." சந்தர்ப்பம், சந்தர்ப்பம், சந்தர்ப்பம். ஒரு மனுஷன் கம்பெனிக்கு வந்து கார்டு தேய்த்து, டீ குடித்து, வேலை பார்த்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறான். அதில் எங்கே இருக்கிறது சந்தர்ப்பம்? ஆனால் கேட்டால் எல்லோரிடமும் இருந்தது. எங்கிருந்துதான் கொண்டுவருவார்களோ. உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பலவீனம்: "வேலையை முடிக்காம வீட்டுக்குப் போக மனசு வராது சார்." நானும் முகத்தை மாற்றாமல் எழுதிக்கொள்வேன்.

ஒரே ஒருவன், கரூர்ப் பக்கத்துக்காரன், மெயின்டனன்ஸுக்கு வந்தவன், "எனக்குக் கோவம் வந்தா டிபன் பாக்ஸைத் தூக்கி எறிஞ்சுருவேங்க" என்றான். "மூடியோடயா, திறந்தா?" என்று கேட்டேன். "அது அன்னைக்கு என்ன கொழம்புங்கறதைப் பொறுத்துங்க" என்றான். நான் கேட்டதிலேயே நிஜமான பதில் அதுதான். அவனை எடுக்கவில்லை. எப்படி எடுப்பது?

அப்புறம் கம்பெனி கைமாறியது. புது ஆட்கள் வந்தார்கள், என்னை உட்காரவைத்து நன்றாகப் பேசினார்கள், சால்வை போட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் இருக்கிறேன். ஐம்பத்து நான்கு வயது. எங்கள் அபார்ட்மென்டில் எல்லோருக்கும் இது வசதியாகப் போயிற்று. சிலிண்டர் வந்தால் அருணகிரி அங்கிள். பார்சல் வந்தால் அருணகிரி அங்கிள். மூன்றாவது மாடிக்காரர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் போகிறார், நாய்க்கு மத்தியானம் சோறு வைக்கச் சொல்லி. அந்த நாய் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதுவும் ஒரு இன்டர்வியூதான். போன வாரம் என் மனைவி வசுமதி சொன்னாள்: "இந்த வேலையாவது கெடைச்சுறணும். இல்லேன்னா அசோசியேஷன்ல உங்களை செக்ரெட்டரி ஆக்கிருவாங்க. அப்புறம் காலம் பூரா மோட்டார் போடறதுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலை எனக்கு வேண்டும். அடித்துச் சொல்கிறேன், வேண்டும்.

பூசணிக்காய்க்கு வருகிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயசு. பம்பு செய்கிற கம்பெனி, இங்கேதான், மலுமிச்சம்பட்டி தாண்டி. நான் பெர்சனல் டிபார்ட்மென்டில் அசிஸ்டென்ட். எச்.ஆர். என்ற பெயரெல்லாம் அப்போது கிடையாது. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் அவரவர் மெஷினைத் துடைத்து, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, தனித்தனியாகத்தான் கும்பிடுவார்கள். ஆனால் திருஷ்டிப் பூசணிக்காய் மட்டும் கம்பெனிக்கு ஒன்றுதான். பெரியவர், அதாவது அப்போதைய முதலாளி, அப்படி ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். அதைச் சுற்றி எடுத்து ஃபவுண்டரி வாசலில் உடைப்பது வழக்கம். உலை இருக்கிற இடம், கம்பெனி ஆரம்பித்த இடம், அதனால்.

அந்த வருஷம் மெஷின் ஷாப்புக்கு ஒரு ஜெர்மன் மெஷின் வந்திருந்தது. அதற்கென்று கண்ணாடி ரூம் கட்டி, ஏ.சி. போட்டு வைத்திருந்தார்கள். ஃபவுண்டரியில் மனுஷனுக்கே ஃபேன் கிடையாது. இரண்டு ஷெட்டும் எதிர் எதிரே. நடுவில் டிராலி போகிற சிமென்ட் பாதை. ஃபவுண்டரிக்காரன் வியர்வையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே மெஷினுக்கு ஏ.சி. ஓடுவது தெரியும். புரிகிறதல்லவா?

பூஜை முடிந்தது. பாதையோரம் ஒரு ஸ்டூலின் மேல் பூசணிக்காய். துளை போட்டு, குங்குமமும் காசும் அடைத்து, மேலே கற்பூரம் வைத்துத் தயாராக இருந்தது. அப்போது மெஷின் ஷாப் ஃபோர்மேன் குப்புராஜ், இந்த வருஷம் எங்கள் வாசலில்தான் உடைக்க வேண்டும் என்று ஆரம்பித்தான்.

"ஏனுங்க மாரண்ணா, ஊரே வந்து பாத்துட்டுப் போறது எங்க மெசினை. கண்ணு பட்டது எங்க மேலதானுங்க. உங்க அடுப்பு மேல எவன் கண்ணு வெக்கப்போறான்?"

மாரப்பன் ஃபவுண்டரி ஃபோர்மேன். ஆள் பனைமரம் மாதிரி இருப்பார். "அடுப்பா? நான் வார்த்துக் குடுக்கலீன்னா நீ அந்த ஏ.சி. ரூமுக்குள்ள உக்காந்துட்டு எதைக் கடைவே? வாழைத்தண்டையா?"

"மரியாதையாப் பேசுங்க."

"மரியாதையெல்லாம் உன்ற மெசினுக்கு வெச்சுக்கோ. அதுக்குத்தான் குளுகுளுன்னு ரூம் போட்டுக் குடுத்திருக்கறாங்க."

கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் ஒரு பக்கமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் சரசாத்தாள் என்று ஒரு அம்மா, வாய் சும்மா இருக்காது. "ரெண்டு பேரும் அடிச்சு முடிச்சுப்போட்டுச் சொல்லுங்க சாமி. எங்களுக்கு ஒரு எலுமிச்சம்பழங்கூடக் குடுக்கலை, அதை எவனாச்சும் கேட்டீங்களா?"

குப்புராஜ் கற்பூரத்தைப் பற்றவைக்கப் போனான். மாரப்பன் அவன் கையைத் தட்டிவிட்டார். தீப்பெட்டி பறந்தது. யாரோ யாருடைய சட்டையையோ பிடித்தார்கள். அந்த நேரத்தில்தான் நான் வந்தேன்.

இதுவரைக்கும் சந்தேகம் கிடையாது, சார். இனிமேல்தான்.

கதை எப்படிப் போகும் என்றால்: அருணகிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பூசணிக்காயை இரண்டு கையாலும் தூக்கினான். ஃபவுண்டரிப் பக்கம் நாலு எட்டு நடந்தான், அவர்கள் கைதட்டினார்கள். நின்றான். திரும்பினான். மெஷின் ஷாப் பக்கம் நடந்தான், இவர்கள் விசிலடித்தார்கள். மறுபடி நின்றான். சரியாக நடுப் பாதையில், எந்த ஷெட்டுக்கும் சேராத இடத்தில், தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தான். "திருஷ்டி ஷெட்டுக்கு இல்லை, கம்பெனிக்கு" என்றான். அவ்வளவுதான். அப்புறம் குப்புராஜும் மாரப்பனும் சிதறின காசைச் சேர்ந்து பொறுக்கினார்கள்.

நல்ல கதை, இல்லையா? சூழ்நிலை, பொறுப்பு, செயல், பலன். இன்டர்வியூ பதிலுக்கு வேண்டிய நான்கும் உண்டு. தயாரித்து வைத்த மாதிரி இருக்கிறது.

இதைச் சொன்னவன் சம்பந்தம். பர்ச்சேஸில் இருந்தான், என்னை விட இரண்டு வயது மூத்தவன், நானும் அவனும் ஒரே ரூமில் தங்கியிருந்தோம், கல்யாணத்துக்கு முன்னால். கேன்டீனில் பெரியவருக்கே இதைச் சொன்னான். "என் கண்ணால பாத்தேங்க" என்று ஆரம்பித்து, ஒரு சோற்றுத் தட்டைப் பூசணிக்காயாக வைத்துக்கொண்டு நடந்து காட்டினான். பெரியவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாசம் நான் பெர்சனல் ஆபீசர். அதற்கப்புறம் யூனியன் பேச்சுவார்த்தை என்றாலே "பூசணிக்காயைக் கூப்பிடுங்கய்யா" என்பார் பெரியவர். கம்பெனியில் எனக்குப் பெயரே அதுதான். மேலே மேலே போனேன். மேனேஜர் ஆனேன்.

சம்பந்தம் பொய்யன் என்று சொல்ல மாட்டேன். பர்ச்சேஸ்காரன். ஒரு பொருளை அது இருக்கிறபடி சொல்லிப் பழக்கமில்லை. பழனி பஸ்ஸில் கடலை வாங்கித் தின்றதைச் சொன்னால்கூட அதில் ஒரு போலீஸ் ஜீப் துரத்திக்கொண்டு வரும். அதனால்தான் எனக்கு அப்போதிருந்தே உறுத்தல். நான் அப்படி இல்லை. நான் சொல்லும்போது ஒன்றையும் கூட்ட மாட்டேன். மாரப்பன் கையில் ஒரு இரும்புக் கம்பி இருந்தது என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். அதுவும் ஃபவுண்டரி, சார். கம்பி எங்கேயாவது இருந்திருக்கும்தானே? கேட்கிறவர்களுக்கு ஆபத்து புரிய வேண்டாமா?

ஃபவுண்டரிக்கு ஃபேனா? இல்லை, இல்லை, அது வரவில்லை. கேட்டார்கள், எழுதி அனுப்பினார்கள், அது வேறு ஃபைல். நான் சொல்வது சச்சரவைத் தீர்த்ததைப் பற்றி.

எனக்கு நிஜமாக ஞாபகம் இருப்பதைச் சொல்லட்டுமா? கொஞ்சம்தான். என்னைப் பெரியவர் அனுப்பினார், ஏன் இன்னும் சுண்டல் வரவில்லை என்று பார்த்துவரச் சொல்லி. வந்தேன். ஸ்டூல் ஆடியது ஞாபகம் இருக்கிறது. யாரோ இடித்தார்கள், ஸ்டூல் சாய்ந்தது, நான் பூசணிக்காயைப் பிடித்தேன். தூக்கினேனா, பிடித்தேனா என்று கேட்காதீர்கள். கையில் இருந்தது. கனம். துளை வழியாகக் குங்குமம் கொட்டியது, வியர்வையில் கலந்து உள்ளங்கை முழுக்கக் குழகுழவென்று. இரண்டு பக்கமும் இழுத்தார்கள். நான் நடந்தேன், அது ஞாபகம் இருக்கிறது, ஆனால் நடந்தேனா, தள்ளிக்கொண்டு போனார்களா? அப்புறம் அடுத்த ஞாபகம், தரையில் பூசணிக்காய் பிளந்து கிடக்கிறது. விதையும் குங்குமமும் என் கால் மேல், வெள்ளைச் சட்டை மேல். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சரசாத்தாள் குரல்: "அப்பாடி, ஆச்சு. சுண்டலைக் குடுங்கப்பா, புள்ளைங்களுக்குப் பசிக்குது."

நடுவில் ஒரு துண்டு இல்லை, சார். படத்தில் ரீல் மாற்றும்போது போகுமே, அந்த மாதிரி. அந்தத் துண்டைச் சம்பந்தம் கொடுத்தான். நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். நன்றாகப் பொருந்தியது. ஆனால் ராத்திரியில் படுத்தால், அப்போதும் சரி, இப்போதும் சரி, தலைக்கு மேல் தூக்கியதாக என் தோள் சொல்ல மாட்டேன் என்கிறது. தோளுக்கு ஞாபகம் இருக்காதா? அவ்வளவு கனத்தைத் தூக்கியிருந்தால்?

சரி, இத்தனை வருஷம் உறுத்திக்கொண்டுதான் இருந்தேன், உறுத்தலோடுதான் பிழைப்பும் ஓடியது. இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்பீர்கள். ஹர்ஷினிதான் காரணம்.

முதல் ரவுண்டு வீடியோவில் வைத்தாள். உங்களுக்கும் அவள்தானே? அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். மரியாதையான பெண். "சார், டீமுக்குள்ள வந்த ஒரு சண்டையை நீங்க ஹேண்டில் பண்ணின சந்தர்ப்பம் ஒண்ணு சொல்லுங்க" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. என் கடையிலேயே என்னிடம் சாமான் விற்கிறாள் என்று. பூசணிக்காயை எடுத்து விட்டேன். கம்பியோடு. அவள் கண் விரிந்தது. "வாவ் சார்" என்றாள். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. "சார், நீங்க பாதி இடத்துல 'நாங்க, நாங்க'ன்னு சொல்றீங்க. நாங்க பண்ணினோம், நாங்க சமாளிச்சோம். நீங்க என்ன பண்ணினீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

இது நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், சார். டிரெய்னிங் வகுப்பு எடுக்கும்போது நானே போர்டில் எழுதுவேன். 'நாங்கள்' வேண்டாம், 'நான்' போதும்.

"நான் பூசணிக்காயைத் தூக்கினேன்" என்றேன்.

"தூக்கும்போதே உடைக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்லை… அப்படிச் சொல்ல முடியாது."

"அப்போ எந்த இடத்துல முடிவெடுத்தீங்க? ஃபவுண்டரிப் பக்கம் நடந்தபோதா, திரும்பினபோதா? அந்த நேரத்துல மனசுல என்ன ஓடிச்சு? வேற என்ன வழியெல்லாம் யோசிச்சீங்க? உடைக்கிறதால யாராவது கோவப்படலாம்னு ரிஸ்க் தெரிஞ்சிருந்துதா?"

இருபது வருஷத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. எல்லோரும் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள், டீ சொல்வார்கள். இந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நெட் நின்றுபோன மாதிரி அசையாமல் உட்கார்ந்தேன். வாயைப் பாதி திறந்தபடி, கண் இமைக்காமல். "சார்? சார், கேக்குதா? சார், ஃப்ரீஸ் ஆயிட்டீங்க" என்கிறாள். நான் மூச்சுக்கூட விடவில்லை. அந்த நேரம் பார்த்துக் காலிங் பெல். பின்னால் வசுமதி கதவைத் திறக்கப் போகிறாள், திரையில் நன்றாகத் தெரிகிறது. நான் உறைந்திருக்கிறேன், என் பெண்டாட்டி நடக்கிறாள். நாலாவது மாடிக்குப் பார்சல் வாங்கிக்கொண்டு திரும்பியும் நடக்கிறாள்.

ஹர்ஷினி கெட்டிக்காரி. பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. "பரவாயில்லை சார். ஃபைனல் ரவுண்டுக்கு வாங்க. எம்.டி. இந்தக் கதையைத்தான் கேப்பாரு, அவருக்கு இதெல்லாம் பிடிக்கும். ஆனா அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் நல்லா யோசிச்சு வெச்சுக்கங்க. அதுதான் முக்கியம்" என்றாள். நான் மெல்ல அசைய ஆரம்பித்து, "கேக்குதும்மா, இப்பக் கேக்குது" என்றேன்.

அப்புறம் தூக்கம் இல்லை. வேறு கதை சொல்லிவிடலாமே என்றாள் வசுமதி. யோசித்துப் பார்த்தேன். ஒரு பஸ் ரூட்டை மாற்றினேன். கேன்டீன் கான்ட்ராக்டரை மாற்றினேன். லீவு ஃபாரத்தில் ஒரு கட்டத்தை எடுத்தேன். எல்லாம் உபயோகமான வேலைதான், சார், ஆனால் அதைச் சொன்னால் எம்.டி. சாப்பாட்டுத் தூக்கத்தில் சாய்ந்துவிடுவார். என்னிடம் இருப்பது இந்தப் பூசணிக்காய் ஒன்றுதான். சும்மா சொல்லவில்லை, நேற்றுப் பகல் முழுக்க உட்கார்ந்து தேடினேன். ஒன்றுதான்.

சரி, அங்கே இருந்தவர்களைக் கேட்கலாம் என்று பார்த்தால், மாரப்பன் இறந்துவிட்டார். குப்புராஜ் மகனோடு மஸ்கட்டில். சரசாத்தாள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மிச்சம், கண்ணால் பார்த்தவன் சம்பந்தம் ஒருவன்தான். சிங்காநல்லூரில் பைப் கடை வைத்திருக்கிறான். நேற்றுச் சாயங்காலம் நேராகப் போய் நின்றேன்.

"வாய்யா பூசணிக்கா! என்ன இளைச்சுட்டே? பொண்டாட்டி சோறு போடறதில்லையா, இல்லை எல்லாத்தையும் மூணாவது மாடி நாய்க்கு வெச்சர்றியா?"

நாய் விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்? வசுமதியும் அவன் மனைவி சுலோச்சனாவும் போனில் பேசிக்கொள்கிறார்கள், வேறென்ன.

"சம்பந்தம், ஒண்ணு கேக்கணும். விளையாடாமச் சொல்லணும். அன்னைக்குப் பூசணிக்காயை நான் ஒடைச்சேனா, இல்லை கைதவறி விழுந்துச்சா?"

அவன் கடையே அதிர்கிற மாதிரி சிரித்தான். "ஏய்யா, இத்தனை வருசங் கழிச்சு அந்தக் கேசுக்கு மறு விசாரணையா? யாரு, பூசணிக்காயோட சொந்தக்காரங்க வந்துட்டாங்களா?"

"நாளைக்கு எம்.டி. கேப்பாரு. எந்த நிமிசத்துல முடிவெடுத்தேன்னு."

"எடுத்தே, எடுத்தே. திரும்பி நின்னே பாரு, அப்பத்தான் எடுத்தே." தொட்டிக்கு வைக்கிற மிதவைப் பந்து ஒன்று, பெரியது, கல்லாப் பக்கத்தில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டான். கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தான். குழாய் வாங்க வந்தவர் ஒருவர் ஒதுங்கி நின்றார். "இப்பிடி வந்தே. நின்னே. மாரண்ணனை ஒரு பார்வை பாத்தே. அப்பா, என்ன பார்வை! திரும்பினே. குப்புராஜை ஒரு பார்வை…"

"பார்வை எல்லாம் போன தடவை இல்லையே?"

"இருந்துச்சு. நீ கவனிக்கலை."

"என் பார்வையை நான் எப்பிடிய்யா கவனிக்கறது?"

"ஏங்க, வாஷர் ஒண்ணு கேட்டனே" என்றார் குழாய்க்காரர்.

"இருங்கண்ணா, முக்கியமான இடம்" என்று சம்பந்தம் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினான்.

அப்போது உள்ளேயிருந்து சுலோச்சனா காப்பி கொண்டுவந்தது. என்னை நலம் விசாரித்தது. சம்பந்தம் நிற்கிற கோலத்தைப் பார்த்து, "என்னங்கண்ணா, மறுபடியும் அந்த ஆயுத பூசைக் கதையா?" என்றது. "எனக்கு ஒரே சிரிப்புங்கண்ணா. கல்யாணம் ஆன வருசத்துலயிருந்து ஒரு ஆயுத பூசைக்காவது இவரு கம்பெனியில இருந்திருக்காரா? தாராபுரத்துல எங்கப்பா ரைஸ்மில்லுப் பூசைக்கு முந்தின நாளே வந்து உக்காந்துக்குவாரு. எங்கம்மா சுடற கச்சாயத்துக்கு. ஆனா கதை மட்டும் நேர்ல பாத்த மாதிரியே சொல்லுவாரு."

காப்பி டம்ளர் என் கையில் சுட்டது. நான் கீழே வைக்கவில்லை.

"சம்பந்தம், அந்த வருஷம் உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயி… ஆமா, அது தலை தீபாவளிக்கு முன்னால வந்த பூசை."

"அப்ப நீ அங்கே இல்லை."

"இல்லைதான்." பந்தை இறக்கினான். கொஞ்சமும் கூச்சப்படவில்லை, சார். "கண்ணால பாத்தேன்னு சொன்னாத்தானேய்யா கேக்கறவனுக்கு ஒரு பிடிப்பு? இன்னொருத்தன் சொன்னான்னு சொன்னா பெரியவரு பாதியில எந்திரிச்சுப் போயிருப்பாரு. உனக்கு ஆபீசர் வேலை கெடைச்சிருக்குமா?"

"இன்னொருத்தன்னா யாரு? யாரு உனக்குச் சொன்னது? மாரப்பனா? சரசாத்தாளா?"

அவன் என்னை நிஜமாகவே ஆச்சரியமாகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் முகத்தில் நடிப்பில்லாத ஒரு பார்வையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீதானேய்யா! நான் தாராபுரத்துலயிருந்து வந்தன்னிக்கு, பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்னே. வண்டியில போகப் போகச் சொன்னே. உக்கடம் வர்றதுக்குள்ள முழுக்கதையும் சொல்லி முடிச்சுட்டே. நான் சோத்துத் தட்டு மட்டுந்தான் சேத்தேன்."

அந்தப் பயணம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, சார். அவன் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான், மடியில் கச்சாயம் வைத்த தூக்குப்போசி. நான் தலையைப் பாதி திருப்பிக்கொண்டு பேசிக்கொண்டே ஓட்டுகிறேன். காற்றில் பாதி பறந்துபோகிறது, அவன் "என்ன? என்ன?" என்று கேட்கிறான், நான் கத்துகிறேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. என்ன கத்தினேன் என்பது மட்டும் இல்லை.

குழாய்க்காரரும் வாஷரை மறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுலோச்சனா டம்ளரை வாங்கக் கை நீட்டியபடி நின்றது. நான் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டேன்:

"சம்பந்தம், நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னைக்கு வண்டியில நான் உன்கிட்டச் சொன்னப்போ, ஓங்கி ஒடைச்சேன்னு சொன்னேனா, கை வழுக்கிருச்சுன்னு சொன்னேனா?"